கண்ணாடியில் மூன்று விரல்

கண்ணாடி உடையும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருடமாக ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள் நான்; என் கையால் போன முகவைகளையும் குடுவைகளையும் நினைத்தால் வெட்கம்தான் வரும். ஆனால் உடையாமலே, இருந்த இடத்தில் இருந்தபடியே, கண்ணாடி தன் தெளிவை இழந்து சுண்ணாம்பு நிறமாகிப் போகும் என்பது ஐம்பத்தெட்டு வயதுவரை எனக்குத் தெரியாது. தெரியவந்தபோது பட்ட அதிர்ச்சி இன்னும் முழுதாக இறங்கவில்லை. அதில் கண்ணாடி தந்தது கால்வாசி இருக்கும். மிச்சம் நானே எனக்குத் தந்தது.

எங்களுடையது மண் பரிசோதிக்கும் இடம். கரவெட்டியிலிருந்து வெங்காயம் வைக்கிறவர்களும் வட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து புகையிலை வைக்கிறவர்களும் தங்கள் தோட்டத்து மண்ணை ஷொப்பிங் பையில் முடிந்துகொண்டு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவார்கள். பயிர் ஏன் மஞ்சளாகிறது என்று அவர்களுக்கு நின்ற நிலையில் தெரிய வேண்டும். நாங்கள் அந்த மண்ணைக் காயவைத்து, அரித்து, ஓர் உலையில் எரித்து, அதில் இலைதழை மக்கிய உக்கல் எவ்வளவு இருக்கிறது என்று கணித்துச் சொல்வோம்.

அந்த உலைக்குள் ஒரு கண்ணாடிக் குழாய் படுத்திருக்கும். ஒரு முழத்துக்கும் கூடிய நீளம், மணிக்கட்டுப் பருமன். மண்ணைச் சின்னப் பீங்கான் தோணியில் இட்டு இந்தக் குழாய்க்குள் தள்ளுவோம். உள்ளே ஆயிரத்து நூறு பாகைக்கு மேல் சூடு. வீட்டு யன்னல் கண்ணாடியை அங்கே வைத்தால் பாகாக ஓடிவிடும். இது சுத்தமான சிலிக்காவை உருக்கிச் செய்த தனி ரகம், வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். பழைய குழாய் உடைந்து, எழுதிக் கேட்டு, திரும்ப எழுதிக் கேட்டு, எட்டு மாதம் காத்திருந்த பிறகே புதியது வந்தது. அந்த எட்டு மாதமும் உலை சும்மா கிடந்தது. மண்ணோடு வந்தவர்களிடம் பேச்சு வாங்கியது நான்.

ஆய்வுகூடத்தில் நாங்கள் மூன்று பேர். பொறுப்பதிகாரியைச் சேர் என்போம். அடுத்தது நான், தொழில்நுட்ப உத்தியோகத்தர். இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வூதியம். மூன்றாவது ஆய்வுகூட உதவியாளர். அவரை நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன், இங்கும் அப்படியே எழுதுகிறேன். தம்பி என்றாலும் அவருக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. தொண்டைமானாற்றுக்காரர். தகப்பனும் அண்ணன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவர் மட்டும் விஞ்ஞானம் படித்துவிட்டு எங்களிடம் வந்து சேர்ந்தார். புதிய சாமான் எது வந்தாலும் அதோடு வரும் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசிக்கிற ஒரே ஆள் எங்கள் கட்டடத்தில் அவர்தான்.

ஆறு வருடமாக அவர் தற்காலிகம். எங்கள் இடத்து விதிப்படி நாற்பத்தைந்து வயது முடிந்தவருக்கு நிரந்தர நியமனம் கிடையாது, அடுத்து வந்த தையில் அவருக்கு நாற்பத்தைந்து முடிய இருந்தது. அதற்குள் சேர் ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதி மேலே அனுப்பினால் போதும். இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்து வைத்து, எந்த நாள் நிற்பாட்டுவார்களோ என்று இருக்க வேண்டும். கார்த்திகைக்குள் எழுதுகிறேன் என்று சேர் வாக்குக் கொடுத்திருந்தார்.

புதிய குழாய் வந்தது நவராத்திரி வாரத்தில். எட்டு மாதம் வராதது அந்த வாரம் பார்த்து வந்தால் நான் என்ன நினைப்பேன்? சரஸ்வதி தந்தாள் என்றுதான் நினைத்தேன். ஒவ்வொரு வருடமும் வாணி விழாவின் கடைசி நாள் எங்கள் ஆய்வுகூடத்தில் பூசை என்னுடைய பொறுப்பு. அவலும் கடலையும் என் வீட்டிலிருந்து வரும். விபூதி தம்பியின் பொறுப்பு, சந்நிதி முருகன் கோயிலிலிருந்து தாளில் மடித்துக் கொண்டுவருவார். தராசு, நுணுக்குக்காட்டி, கணினி, வெதுப்பி, எல்லாவற்றுக்கும் நான் விபூதி குழைத்து மூன்று குறி போட்டு, நடுவில் சந்தனமும் குங்குமமும் வைப்பேன். மண் அரிக்கும் அரிதட்டுக்கும் உண்டு.

என்னுடைய குறி கொஞ்சம் கோணல். சின்ன வயதில் சைக்கிளால் விழுந்து மோதிர விரல் முறிந்தது. பொருத்தினார்கள், நேராகப் பொருத்தவில்லை. அதனால் மூன்றாவது கோடு எப்போதும் கடைசியில் கீழே சரியும். என் நெற்றியைப் பார்த்து வீட்டில் எல்லோரும் பகிடி பண்ணுவார்கள்.

அன்றைக்குக் குழாயைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பூசைமேசையில் படத்துக்கு முன்னால் கிடத்தினேன். அப்படி ஒரு கண்ணாடியை நான் அதுவரை பார்த்ததில்லை. அதற்குப் பின்னால் இருந்த செவ்வரத்தம்பூ, நடுவில் ஒன்றுமே இல்லாததுபோலத் தெரிந்தது. விபூதியில் விரலைத் தோய்த்துக்கொண்டு கிட்டப் போனேன்.

"அக்கா, உதுக்கு வேண்டாம்" என்றார் தம்பி. "கை படக்கூடாதாம். புத்தகத்திலை பெரிய எழுத்திலை போட்டிருக்கு."

"எல்லாத்துக்கும் வைச்சிட்டு உதுக்கு மட்டும் வைக்காமல் விடுறதோ? எட்டு மாதம் தவம் கிடந்து வந்தது."

குழாயின் நட்டநடுவில், வளைவைச் சுற்றினாற்போல மூன்று விரலையும் இழுத்தேன். பொட்டும் வைத்தேன். கைகூப்பிக் கும்பிட்டேன். தம்பியும் கும்பிட்டார்.

விஜயதசமியன்று குழாயை உலையில் பொருத்த வேண்டும். தம்பி புதிய வெள்ளைக் கையுறை இரண்டையும் போட்டு, ஸ்பிரிற் போத்தலும் பஞ்சுமாக வந்து நின்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நீர் என்ன, ஒப்பரேசன் செய்யவோ வந்தனீர்?"

அவரும் சிரித்தார். "ஸ்பிரிற்றாலை ஒருக்காத் துடைச்சுப்போட்டுப் பூட்டுவமே அக்கா?"

"பூசையிலை வைச்ச சாமானைச் சாராயத்தாலை கழுவுறதோ? விசர்க்கதை கதையாதேயும். இஞ்சை விடும்."

முகம் துடைக்கும் என் லேஞ்சியை எடுத்து நானே துடைத்தேன். விபூதி போய்விட்டது, பொட்டும் போய்விட்டது, குழாய் மறுபடியும் ஒன்றுமே இல்லாததுபோல ஆனது. "பாத்தீரோ?" என்றேன். அவர் கையுறையோடு வாங்கிப் பக்குவமாக உலைக்குள் இறக்கினார். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த உலையைச் சூடேற்றி எடுக்கவே அரை நாள் போகும் என்பதால் நாங்கள் அதை அணைப்பதில்லை. இரவும் பகலும் சூடு இறங்காமல் ஓடிக்கொண்டிருந்தது. எட்டு மாதத்து மண் மூட்டையெல்லாம் ஒவ்வொரு தோணியாக உள்ளே போய் வந்தது. நான் சந்தோஷமாக இருந்தேன். கார்த்திகையில் மின்சார சபைக்காரர் திருத்த வேலைக்கென்று ஒரு நாள் முழுக்க மின்சாரம் நிற்பாட்டப்போவதாக முன்கூட்டியே அறிவித்தார்கள். அன்றைக்குத்தான் உலை முதன்முதலாக ஆறியது.

ஆறும்போது உள்ளே ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை, சட்டியில் எள்ளுப் பொரிகிற மாதிரி. தம்பியும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். முழுதாக ஆறியதும் அவர் கையுறை போட்டு மெதுவாகக் குழாயை வெளியே இழுத்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். குழாயின் நடுவில் வெள்ளையாக மூன்று பட்டை. அழுக்கு என்று நினைத்து நகத்தால் சுரண்டப் போனேன், தம்பி தடுத்தார். அது மேலே படிந்த ஒன்றில்லை. கண்ணாடியே அந்த இடத்தில் வேறு ஒன்றாகியிருந்தது. விளிம்பெல்லாம் புகைந்து கலங்கி, ஊடாகப் பார்த்தால் எதிர்ச்சுவர் தெரியவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டேன்.

சேர் வந்தார். பார்த்தார். முகம் கறுத்தது. தன் அறைக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, நின்றபடியே வாசித்துச் சொன்னார். அன்றைக்கு அவர் சொன்னதில் எனக்கு விளங்கியது இதுதான்: கண்ணாடிக்குள் அணுக்கள் ஒழுங்கில்லாமல், உருகிக் கிடந்தபடியே உறைந்துபோய் இருக்கின்றன. அந்த ஒழுங்கில்லாமையால்தான் அது தெளிவாக இருக்கிறது. நெடுநேரம் சூட்டில் இருந்தால் அவை மெல்ல மெல்ல வரிசைக்கு வரப் பார்க்கும். சுத்தமான கண்ணாடியில் அது எளிதில் நடக்காது. வேறு உப்பு ஏதாவது துளி ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் தொடங்கிவிடும். சீனிப்பாகு காய்ச்சும்போது சட்டி விளிம்பில் ஒரு பரல் சீனி கிடந்தால் முழுப்பாகும் பூத்துச் சீனியாகத் திரும்புமே, அப்படி. சூடாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. ஆறும்போது அந்தப் பளிங்குத் தோல் சடாரென்று சுருங்கி, கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் வெடிப்பு விட்டு வெளுத்துப்போகும். நாங்கள் கேட்ட எள்ளுப் பொரி அதுதான். பளிங்கு என்றால் தெளிவு என்று படித்து வளர்ந்தவள் நான். கண்ணாடி பளிங்கானால் தெளிவு போய்விடும் என்பதைக் கேட்டு விறைத்துப்போய் இருந்தேன்.

சேர் புத்தகத்தை மூடினார். "விரலிலை இருக்கிற வேர்வை உப்பே காணுமாம். மூண்டு பட்டை. மூண்டு விரல். ஆரோ வெறுங்கையாலை பிடிச்சுத் தூக்கியிருக்கு."

அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. தம்பியைத்தான் பார்த்தார்.

"நான் கிளவுஸ் போட்டனான் சேர்."

"போட்டிருந்தால் உது எப்பிடி வந்தது?" சேர் கொஞ்சம் சிரித்தார். "கரையிலை பிறந்த கையெல்லே. எவ்வளவு கழுவினாலும் உப்புப் போகாது."

இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. நான் சிரித்தேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மேலதிகாரி பகிடி விட்டால் உதடு தானாக அசையுமே, அது அசைந்தது. தம்பி அதைக் கண்டார். பிறகு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார், நான் இனிச் சொல்வேன் என்று.

சேரும் என்னிடம் திரும்பினார். "நீங்கள் பக்கத்திலை நிண்டனீங்களோ மிஸ்? உவர் கிளவுஸ் போட்டவரோ?"

"நான் பூசைச் சாமான் எடுத்து வைச்சுக்கொண்டு நிண்டனான் சேர்" என்றேன். "கவனிக்கேல்லை."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தரம் என்னையே கேட்டிருக்கிறேன். விபூதியைப் பற்றி அந்த நேரம் என் மனதில் ஒன்றுமில்லை, அது சத்தியம். விபூதி ஒன்றைக் கெடுக்கும் என்பது என் புத்தியில் ஏறாத விஷயம். ஆனால் அவர் கையுறை போட்டிருந்தார் என்றால், போடாதவர் யார் என்ற கேள்வி அடுத்து வரும். லேஞ்சியோடு குழாயை உருட்டி உருட்டித் துடைத்தது நான். இரண்டு வருடத்தில் ஓய்வூதியம் எடுக்கப் போகிறவளுக்கு எதற்கு இந்த வில்லங்கம் என்று நினைத்தேன். பயம். வேறு பெரிய காரணம் ஒன்றும் கிடையாது.

கையாளும்போது கவனக்குறைவு என்று சேர் பதிவுப் புத்தகத்தில் எழுதினார். பரிந்துரைக் கடிதம் எழுதப்படவில்லை. பார்ப்போம் என்றார். கார்த்திகை அப்படியே போனது.

வேறு குழாய்க்கு எழுதிப் போட்டுவிட்டு, வெளுத்த குழாயையே திரும்பவும் பொருத்தி வேலையைத் தொடர்ந்தோம். தம்பி என்னோடு சண்டை பிடிக்கவில்லை. பத்து மணிக்குத் தேத்தண்ணியும் வழமைபோல வந்தது. ஒன்று மட்டும் மாறியது. அதுவரை உலைக்குப் பக்கத்தில் நின்று கையுறை போடுகிறவர், இப்போது ஒவ்வொரு காலையும் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, ஒரு விரல் ஒரு விரலாக இழுத்துப் போட்டுக்கொண்டு போவார். எனக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு காலம் பழகியவளுக்கு இப்படிச் செய்யலாமா என்று கோபம்கூட வந்தது. என் துணிச்சலைப் பாருங்கள்.

மார்கழி நடுவில் ஒரு முற்பகல். திருவெம்பாவைக் காலம், விடாத மழை. அறிவிப்பு ஒன்றும் இல்லாமல் மின்சாரம் போய்விட்டது. உலையின் சூடு இறங்க இறங்க முதலில் அந்த எள்ளுப் பொரி, பிறகு ஓட்டில் தேங்காய் விழுந்த மாதிரி ஒரு சத்தம். பக்கத்தில் கணக்கும் கடிதமும் எழுதும் கந்தோர் அறைக்காரர்கூட எழும்பி ஓடி வந்தார்கள். ஆறும்வரை காத்திருந்து தம்பி இழுத்தார். குழாய் இரண்டு துண்டாக வந்தது. பெரிய துண்டைத் தட்டில் வைத்து யன்னலடிக்குக் கொண்டுபோனார்.

மூன்று பட்டையும் இப்போது இன்னும் அடர்ந்து பால்வெள்ளையாக இருந்தன. புதிதாக ஒன்றும் வந்திருந்தது. நடுப்பட்டையின் நடுவில், வட்டமாக ஒரு பொட்டு.

"முருகா" என்றார் கந்தோர்ப் பெண் ஒருத்தி. கைகூப்பினாள். "உது திருநீறெல்லே. பொட்டும் தெரியுது."

அதற்குப் பிறகு நடந்ததை நான் கனவில்கூட எதிர்பார்க்கவில்லை. ஒருவர் செருப்பைக் கழற்றினார். இன்னொருவர் எங்கிருந்தோ கற்பூரம் எடுத்து வந்தார். மார்கழியில் ஆண்டவன் காட்சி தந்துவிட்டான் என்று பேச்சு எழுந்தது. சேர் வந்து எட்டிப் பார்த்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் கும்பிட்டேன். உள்ளதைச் சொல்கிறேன், ஒரு கணம் எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது.

அந்தக் கும்பிட்ட கையோடுதான் நான் மூன்றாவது பட்டையைக் கண்டேன். அது கடைசியில் கீழே சரிந்திருந்தது.

யாரும் என்னைக் கவனிக்கவில்லை. கையை நீட்டி, மூன்று விரலையும் அந்த மூன்று பட்டைமேல் வைத்தேன். அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்தியது. என் கோணல் விரல் அந்தக் கோணல் பட்டையில் போய்ப் படுத்தது. குளிர்ந்து, சொரசொரவென்று, உப்புத் தாளைத் தொட்டதுபோல இருந்தது. பூசைமேசையும் ஸ்பிரிற் போத்தலும், சாராயத்தால் கழுவுவதா என்று நான் சீறியதும், எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்தன. சாம்பலில் இருக்கிற உப்பைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோட்டத்துக்கு அடுப்புச் சாம்பல் போடச் சொல்லி விவசாயிகளுக்கு முப்பது வருடமாக எழுதிக் கொடுக்கிறவள் நான்தான். மூன்று விரல் என்று சேர் சொன்னது சரி. விரல்தான். ஒரு வலைக்காரர் வீட்டுப் பிள்ளையின் தடித்த விரல் இந்த ஒடுங்கிய பட்டைக்குள் எந்தக் காலத்தில் அடங்கும்? அதை அன்றைக்கே பார்க்க ஒருவருக்கும் கண் இருக்கவில்லை, எனக்கும்தான்.

நிமிர்ந்தேன். தம்பி யன்னலடியில் நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அதுதான் என்னை இன்னும் உலுக்கியது.

கூட்டம் கலைந்ததும் சேரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். விபூதி பூசியதையும், ஸ்பிரிற்றால் துடைக்க விடாமல் தடுத்ததையும் சொன்னேன். சேர் எழும்பி வந்து கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார்.

"உதை வெளியிலை சொல்லாதேங்கோ மிஸ்" என்றார். "விபூதி பூசினதாலை உடைஞ்சது எண்டு எழுதினால் கொழும்பிலை என்னைப் பாத்துச் சிரிப்பினம். இஞ்சை எனக்கு அடிக்க வருவினம். கைப் பிழை எண்டு எழுதினது அப்பிடியே இருக்கட்டும்."

"கைப் பிழைதான் சேர். உது என்ரை கை."

"உங்களுக்குப் பென்சன் கிட்டவெல்லே வருகுது."

"வரட்டும். நான் எழுதித் தாறன், நீங்கள் அனுப்புங்கோ."

அன்றிரவு வீட்டில் இருந்து மூன்று பக்கம் எழுதினேன். பூசை, விபூதி, லேஞ்சி, கோணல் விரல், எல்லாம் எழுதினேன். குழாய் பழுதானது முழுக்க முழுக்க என் பிழை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். எழுதி முடித்தபோது, சொன்னால் வெட்கம், என்னைப் பற்றி எனக்குப் பெருமையாக இருந்தது. யார் இப்படி எழுதுவார்கள் என்று நினைத்தேன். படுத்த உடனே நித்திரை வந்தது. சேர் அந்தக் கடிதத்தை மேசை லாச்சிக்குள் வைத்திருந்து, நான் நாளுக்கு இரண்டு தரம் போய் நின்று நச்சரித்த பிறகு, பொங்கல் கழித்துத்தான் மேலே அனுப்பினார்.

பதில் மாசியில் வந்தது. என் விளக்கம் கவனத்தில் எடுக்கப்பட்டதாம். இனிமேல் கவனமாக இருக்கும்படி எனக்கு ஒரு வரி. தம்பிக்கு இரண்டு வரி. குழாயைப் பொருத்தியபோது அவர் உரிய முறையில் கையாண்டார் என்பதற்கு உறுதி எதுவும் கிடைக்காததால் பதிவுப் புத்தகக் குறிப்பை நீக்க முடியாது. அத்தோடு வயதெல்லை கடந்துவிட்டதால் நியமனத்தைப் பரிசீலிக்க இடமில்லை. நான் வாசித்தேன், திரும்ப வாசித்தேன். முழுப் பிழையும் என்னுடையது என்று ஒருத்தி எழுதிக் கொடுத்த பிறகும் அந்த மனுசன்மேல் எதற்குப் பழி நிற்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை. கொதித்துக்கொண்டு போனேன்.

புதிய குழாயும் அதே கிழமையில் வந்திருந்தது. தம்பி பெட்டியை மேசையில் வைத்து ஒட்டுத்தாளை வெட்டிக்கொண்டிருந்தார். பதில் கடிதத்தை நீட்டினேன். வாசித்துவிட்டு மடித்துத் தந்தார். "ஓம், தெரியும்தானே" என்றார்.

"எனக்குத் தெரியாது. நான் என்ன எழுதினனான் எண்டு நீர் ஒருக்காப் பாரும்" என்று சொல்லி, பையில் வைத்திருந்த என் மூன்று பக்கத்தின் பிரதியைக் கொடுத்தேன். அவர் அதைப் படித்து என்னிடம் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார் என்ற ஆசை எனக்கு இருந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது?

அவர் மேசை விளிம்பில் சாய்ந்து நின்று, புத்தகம் வாசிப்பதுபோலவே ஒவ்வொரு வரியாக வாசித்தார். மூன்றாம் பக்கம் முடிந்தது. அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், வெறும் தாள். திரும்பவும் முதல் பக்கத்துக்கு வந்து விரல் வைத்துத் தேடினார்.

"விபூதியாலைதான் வந்தது எண்டு எனக்கு முதல்நாளே தெரியும், அக்கா" என்றார். "அது நீங்கள் தெரியாமல் செய்தது. அதுக்கு நான் உங்களோடை ஒருநாளும் கோவிக்கேல்லை." தாளை என் பக்கம் நீட்டினார். "ஆனால் நான் கிளவுஸ் போட்டதை நீங்கள் பாத்தனீங்கள். பாத்துச் சிரிச்சனீங்கள். அது இதிலை ஒரு இடத்திலையும் இல்லையே."

நான் தாளை வாங்கினேன். மூன்று பக்கத்தையும் நானும் தேடினேன், இருக்கும் என்றுதான் நினைத்தேன். இருக்கவில்லை. கவனிக்கேல்லை என்று நான் சொன்ன அந்த ஒரு சொல்லைப் பற்றி, இவ்வளவையும் எழுதிய என் கை ஒரு வரி எழுதவில்லை. எழுதாமல் விட்டேன் என்பதுகூட அவர் சொல்லும்வரை எனக்குத் தெரியாது.

தம்பி அதே இடத்தில், என் முன்னால் நின்றபடி, கையுறையை ஒரு விரல் ஒரு விரலாக இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு பெட்டியைத் திறந்து புதிய குழாயை எடுத்தார்.